நீலம் பூசிய ஈக்கள்

வெள்ளம் வடிந்ததும் தெருவே கட்டிலையும் பீரோவையும் வெளியே இழுத்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தது. தேன்காரி மட்டும் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, முழங்கால் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துப் பின்பக்கத் தோட்டத்துக்குப் போனாள். போய் என்ன செய்ய? உட்கார்ந்து அழக்கூட ஒரு பெட்டி மிச்சமில்லை. தேனீப் பெட்டிகளைத் தாங்கி நின்ற இரும்புக் கால்கள் மட்டும் வரிசையாகச் சேற்றில் நின்றன.

கொட்டகைக்குள் அதைவிடக் கண்றாவி. அடையைச் சுற்றித் தேன் எடுக்கும் டிரம்மில் விளிம்புவரை சேறு. புகை போடும் டப்பாவின் துருத்தி கிழிந்து தொங்கியது. அடை கட்டுவதற்காக வாங்கி வைத்திருந்த மெழுகுத் தாள்கள் எல்லாம் ஒட்டி ஒரே கட்டியாகிக் கிடந்தன. அடை தாங்கும் மரச் சட்டங்கள் வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டு ஆடின. முகத்துக்குப் போடும் வலைத்தொப்பி வேப்பமரத்து உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதற்கு மட்டும் எப்படித்தான் வழி தெரிந்ததோ!

எல்லாப் பெட்டியும் போனதைவிடத் தாய்ப்பெட்டி போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்தப் பெட்டியின் ஈ கொட்டாது. தேனீ வளர்ப்பவர்கள் வாயில் தேனீ வெறும் ஈதான். அப்படியே சொல்லி வைப்போம். வெறுங்கையோடு சட்டத்தைத் தூக்கிப் பார்க்கலாம். கூட்டம் பிரிந்து ஓடாது, மழைக்காலத்திலும் சோராது. மற்றப் பெட்டிகளுக்கெல்லாம் அதிலிருந்துதான் ராணி வளர்த்து வைத்தாள். ராணியின் முதுகில் அடையாளத்துக்குச் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு. பெட்டியும் சட்டமும் கடையில் கிடைக்கும். அந்த ராணி கிடைக்காது. அது இல்லாமல் மறுபடி தொழிலைத் தொடங்குவதும் ஒன்றுதான், தொடங்காமல் இருப்பதும் ஒன்றுதான்.

அவள் தம்பியும் அதே தொழில்தான். மேட்டுப் பக்கம், செங்கல் சூளையைத் தாண்டி அவன் வீடு. வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். ராணி வளர்க்கத் தாய்ப்பெட்டியிலிருந்து ஒரே ஒரு புழு கேட்டு வருஷக்கணக்காக அக்காவின் பின்னால் அலைந்தான். அவள் பிடியே கொடுக்கவில்லை. கேட்டால், "உன் ஈ கொட்டுனா நான் என்னடா பண்றது, நீ முதல்ல பொறுமையா பெட்டியைத் திறக்கக் கத்துக்க" என்று வாயை அடைத்துவிடுவாள். கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் தெருவில் தன்னிடம் மட்டும் இருக்கிற ஒன்றை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

வெள்ளத்துக்கு முந்தின சாயங்காலம் அவன் வேனை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, ஆத்துல தண்ணி ஏறுது. தாய்ப்பெட்டியை மட்டுமாவது குடு. மேட்டுக்குக் கொண்டு போறேன்."

"அதை மட்டும் எதுக்கு? மத்ததெல்லாம் நனைஞ்சா பரவாயில்லையா உனக்கு?"

"இருட்டுறதுக்குள்ள ஒரு நடைதான்க்கா போக முடியும். அதான் கேக்கறேன்."

"எத்தனை மழை பார்த்திருக்கேன். நீ கிளம்பு."

அவன் போன பிறகு மனசு கேட்காமல், கணவரின் தையல் கடையிலிருந்து பட்டை நாடா கொண்டுவந்து தாய்ப்பெட்டியை மேலும் கீழுமாக இறுக்கிக் கட்டினாள். விடிவதற்குச் சற்று முன்னால் தண்ணீர் வந்தது. அவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கு ஓடினார்கள். மீதியைத்தான் சொல்லியாகிவிட்டதே.

வடிந்த பிறகு சின்னவன் நேரில் வரவில்லை. போன் மட்டும் வந்தது.

"எல்லாம் போச்சாமேக்கா?"

"போச்சு."

"ஒண்ணுகூட மிச்சமில்லையா? தாய்ப்பெட்டி?"

"அதான் போச்சுங்கறேனே!"

"சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது. கூடப் பிறந்தவன்!

அதற்கப்புறம் ஒருநாள் வெயில் நன்றாக அடித்தது. தேன்காரி குழாயடியில் உட்கார்ந்து சட்டங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தற்செயலாகத் தலையைத் தூக்கினால், தாய்ப்பெட்டி இருந்த இரும்புக் காலின் மேல், காற்றில், ஈக்கள் வட்டமிட்டன. பெட்டியின் வாசல் எந்த உயரத்தில் இருந்ததோ சரியாக அந்த உயரத்தில் வந்து, தடுமாறி, விலகி, மறுபடி வந்தன. மற்றக் கால்களின் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை.

அவள் கையிலிருந்த தேங்காய் நார் கீழே விழுந்தது.

ஈ வளர்ப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. பெட்டியைப் பக்கத்தில் எங்காவது தூக்கி வைத்தால், வெளியே மேயப் போகும் ஈ பழைய இடத்துக்குத்தான் திரும்பி வரும். பெட்டியை மறந்தாலும் இடத்தை மறக்காது. தண்ணீர் வந்தது இருட்டில். அத்தனை ஈயும் பெட்டிக்குள். பெட்டி மூழ்கியிருந்தால் இங்கே வட்டமிட ஓர் ஈ இருக்கக் கூடாது. இருக்கிறது என்றால், தாய்ப்பெட்டி உயிரோடு எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கிறது.

பக்கத்தில் தண்ணீர் ஏறாத இடம் எது? மேடு. மேட்டில் பெட்டி வைத்திருப்பவன் யார்? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டுமா!

தையல்காரர் முன்னறையில் மெஷினைக் கழற்றிப் பரப்பி, ஒவ்வொரு திருகாக எண்ணெயில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய் மூச்சிரைக்கச் சொன்னாள்.

"நம்ம பெட்டியை சின்னவன்தாங்க தூக்கிட்டுப் போயிருக்கான். நான் தரமாட்டேன்னதும், நாம தூங்கின பிறகு வந்து எடுத்திருக்கான்."

"உன் தம்பி அப்படிப்பட்ட ஆளாம்மா?"

"ஆசை யாரை விட்டது?"

"அப்ப ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிடுவோமா? ஈயைக் காணோம், அங்க அடையாளம் ரெண்டு றெக்கை, ஒரு கொடுக்குன்னு."

"நாலு றெக்கை."

"அதுகூடத் தெரியாமத்தான் இத்தனை வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தறேன் பாரு."

அவருக்கு எல்லாமே விளையாட்டு. அவளுக்கு உள்ளே பற்றி எரிந்தது. எரிகிறதில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே பால்காரர் வந்து சேர்ந்தார். பாலை அளந்து ஊற்றிக்கொண்டே, "உங்க தம்பி நல்ல உழைப்பாளிம்மா. தண்ணி வடிஞ்ச அன்னைக்கே சூளைப் பக்கம் வேனை ஓட்டிக்கிட்டுப் போனாரு. பின்னாடி என்னவோ போர்வை போட்டு மூடி, குழந்தையைக் கொண்டு போற மாதிரி மெதுவா போனாரு" என்றார்.

"போர்வை போட்டா?"

"ஆமாம்மா. நான் கூப்பிட்டேன், காதுல விழாத மாதிரி போயிட்டாரு."

அன்று மத்தியானமே தேன்காரி மேட்டுக்குப் போனாள். சின்னவன் வீட்டுக் கேட் எப்போதும் வெறுமனே சாத்தியிருக்கும், தள்ளினால் திறக்கும். அன்றைக்குத் தள்ளுவதற்குள் தம்பி பெண்டாட்டி ஓடிவந்து குறுக்கே நின்றுகொண்டாள். கையில் சர்க்கரைப் பாகு வடியும் கரண்டி.

"வாங்க அண்ணி. அவரு தூங்கறாரு."

"இந்த நேரத்துலயா?"

"உடம்பு அலுப்பு அண்ணி. சேறு அள்ளினது."

"பரவாயில்ல. நான் பெட்டியெல்லாம் ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்."

"ஐயோ, அந்தப் பக்கம் வேண்டாம் அண்ணி! ரெண்டு நாளா ஈ ஒரே கோவமா இருக்கு. பூ எல்லாம் சேறாகிப் போச்சுல்ல, பசி."

தேன்காரி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் சுவரோரம், மற்றப் பெட்டிகளிலிருந்து தள்ளி, ஒன்று மட்டும் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அதைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது.

"அது என்ன தார்ப்பாய்?"

"அது... பழைய பெட்டி அண்ணி. உடைஞ்சது. டீ போடட்டுமா?"

டீ போடட்டுமா என்று கேட்டாளே தவிர, கேட்டை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. தேன்காரி வாயைப் பிடுங்கிப் பார்த்தாள், மசியவில்லை. தூங்குகிறவனின் செருப்பு வாசலில் இல்லை, சுவரோரம் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா திரும்பி வருவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! வழியெல்லாம் தம்பியைக் கரித்துக்கொட்டிக்கொண்டே வந்தாள்.

கத்திப் போட்டால் உடனே பெட்டியை வேறு எங்காவது மாற்றிவிடுவான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். தன் ஈ அங்கேதான் போகிறது என்று நான்கு பேர் முன்னால் காட்ட வேண்டும். அதற்கு வழி அவளுக்குத் தெரியும்.

ஒரு அகலமான தட்டில் சர்க்கரைப் பாகை ஊற்றித் தாய்ப்பெட்டியின் இரும்புக் கால்மேல் வைத்தாள். ஈ மூழ்காமல் நின்று குடிக்க, மேலே குச்சிகளைப் பரப்பினாள். தையல்காரர் துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ் ஒன்றை எடுத்து அம்மியில் வைத்து மாவாகப் பொடித்தாள். பாகு குடிக்க உட்கார்ந்த ஈக்களின் முதுகில் பஞ்சால் தொட்டுத் தொட்டு அந்தத் தூளைப் பூசினாள். நீலம் பூசிய ஈ எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்று பார்த்தால் போதும். பெட்டி இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

தையல்காரர் வாசற்படியில் நின்று இதைப் பார்த்தார். "சாக்பீஸ் போனா போகட்டும். பாகைத் திறந்து வைக்கக் கூடாதுன்னு நீதானே ஊருக்கெல்லாம் பாடம் எடுப்ப?"

எடுப்பாள்தான். பூ இல்லாத காலத்தில் வெட்டவெளியில் பாகு வைக்கக் கூடாது. ருசி கண்ட ஈ பித்துப் பிடித்தது போல ஆகிவிடும். பாகு தீர்ந்ததும் அடுத்து எங்கே சுலபமாக இனிப்பு கிடைக்கும் என்று அலையும். பலமில்லாத பெட்டியைக் கண்டால் கூட்டமாகப் புகுந்து கொள்ளையடித்துவிடும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வதே இதைத்தான்.

"அது பெட்டி வச்சிருக்கறவங்களுக்குங்க. என்கிட்டதான் ஒரு பெட்டியும் இல்லையே. எதைக் கொள்ளையடிக்கும், என் தலையையா?" என்றாள்.

இந்த ஒரு கேள்வியைக் கேட்டவளுக்கு அடுத்த கேள்வி தோன்றியிருக்க வேண்டாமா? கோபம் வந்தால் தெரிந்தது எல்லாம் எங்கேதான் போய்த் தொலைகிறதோ!

முதல்நாள் தட்டில் கொஞ்சம் ஈதான். மறுநாள் காலையில் தட்டே தெரியாதபடி மொய்த்தது. நீலம் பூசிய ஈக்கள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, நேராகச் சூளைப் பக்கம் பறந்தன. போன வேகத்தில் திரும்பி வந்தன. தேன்காரி கிண்ணம் கிண்ணமாகப் பாகு ஊற்றினாள், பூசினாள், ஊற்றினாள். கை, முந்தானை, மூக்கு எல்லாம் நீலம். இத்தனை ஈ தாய்ப்பெட்டியில் மட்டும் எப்படி இருக்கும், இதில் பாதிக்கு மேல் சின்னவனின் மற்றப் பெட்டி ஈயாக இருக்குமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவிட்டாள். அதற்கடுத்த நாள் வீட்டில் சர்க்கரை தீர்ந்தது. ஈக்கள் காலித் தட்டை நக்கிப் பார்த்துவிட்டு இரைச்சலோடு எழும்பிப் போயின.

"கிளம்புங்க, வண்டியை எடுங்க. இன்னைக்கு அவன் குட்டு உடையணும்" என்றாள் கணவரிடம்.

சூளையைத் தாண்டும்போதே சத்தம் கேட்டது. ஈ வளர்ப்பவள் காதுக்கு அது சாதாரண ரீங்காரம் இல்லை என்று தெரியும். அவள் வண்டி நிற்பதற்கு முன்னே குதித்து, கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். இந்த முறை குறுக்கே நிற்க யாருமில்லை.

சுவரோரம் தார்ப்பாய் விலகிக் கிடந்தது. ஒரு பக்கம் பிளந்த பெட்டி. அதன்மேல் அவள் கட்டிய பட்டை நாடா அப்படியே இருந்தது. பிளவில், வாசலில், மூடி இடுக்கில், எங்கே பார்த்தாலும் ஈ புகுந்துகொண்டிருந்தது. ஒன்றையொன்று கவ்விக்கொண்டு தரையில் உருண்டன. சின்னவன் வாளித் தண்ணீரை விசிறிவிசிறி அடித்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி நனைந்த போர்வையை விரிக்க முடியாமல் விரித்துக்கொண்டிருந்தாள். இருவர் முகமும் கொட்டு வாங்கி வீங்கியிருந்தன.

"திருட்டுப் பயலே! என் பெட்டிதானேடா அது!"

"உன் பெட்டிதான்" என்றான் அவன், திரும்பிக்கூடப் பார்க்காமல். "கத்தாம அந்த முனையைப் பிடி."

அவள் பிடித்தாள். வேறென்ன செய்வது? நான்கு பேருமாகப் பெட்டியைப் போர்வையால் சுற்றித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான் கொள்ளைக்கூட்டம் கலைந்தது. சின்னவன் மூடியைத் திறந்தான்.

அடைகள் கந்தலாகக் கிழிந்து, அடிப்பலகையெங்கும் மெழுகுத் துகள் மரத்தூள் போலக் கொட்டிக் கிடந்தது. ஒரு சொட்டுத் தேன் இல்லை. செத்த ஈக்களை அவன் விரலால் மெல்ல ஒதுக்கினான். ஒரு மூலையில், கைப்பிடி அளவு ஈ கட்டிப்பிடித்தபடி செத்துக் கிடந்தது. அதன் நடுவில் சிவப்புப் பொட்டு.

தேன்காரி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"சூளைக்குப் பின்னால சாஞ்ச மரத்துக் கிளையில சிக்கியிருந்துச்சுக்கா" என்றான் சின்னவன். "நீ கட்டின நாடாதான் காப்பாத்தியிருக்கு. பாதி ஈ செத்துப் போச்சு, ராணி நடக்கவே முடியாம இருந்துச்சு. பாகு குடுத்துக் குடுத்துத் தேத்திக்கிட்டு இருந்தேன்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருப்ப. எனக்கு ஒரு புழுகூடக் கிடைச்சிருக்காது." கிழிந்த அடையைத் தடவிக்கொண்டே, "ஆமா, ஆசைதான். மறைச்சதும் தப்புதான். தேறினதும் குடுத்துடணும்னுதான் இருந்தேன்" என்றான்.

"நான்தான் அண்ணி தடுத்தேன், அவரு சொல்லணும்னாரு" என்று தம்பி பெண்டாட்டி விசும்பினாள்.

சின்னவன் செத்த ஈ ஒன்றைக் கையில் எடுத்தான். "எந்தப் பாவி எங்க பாகைத் திறந்து வச்சான்னுதான் தெரியல. நேத்துலேர்ந்தே ஈ எல்லாம் வெறி பிடிச்ச மாதிரி..." கையிலிருந்த ஈயைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனான். இன்னொன்றை எடுத்தான். இன்னொன்று. விரல் நுனியில் நீலம் ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய சாக்பீஸ் நிறம் அந்தக் குடும்பத்தில் யாருக்குத் தெரியாது?

சின்னவன் மெதுவாகத் திரும்பி அக்காவின் முந்தானையைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான்.

"நீயா?"

"நீ திருடிட்டன்னு நினைச்சேன்டா" என்றாள். "எங்க இருக்குன்னு பாக்கத்தான் வச்சேன். கொள்ளை போற பெட்டியே என்னுதாத்தான் இருக்கும்னு எனக்கு... நானே கொன்னுட்டேனே!"

யாரும் அவளைத் தேற்றவில்லை. சின்னவன் ராணியைத் தனியே எடுத்து அடிப்பலகை ஓரத்தில் வைத்தான். அப்புறம் எழுந்துபோய்க் கைகழுவிவிட்டு வந்தான்.

"நல்லா இருந்த புழு ரெண்டை முந்தாநாளே எடுத்து என் பெட்டி ஒண்ணுல வச்சிருக்கேன். அதுகளைச் சுத்தி ஈ ராணி அறை கட்ட ஆரம்பிச்சிருக்கு."

அவள் நிமிர்ந்தாள். சரிவில் வரிசையாக அவன் பெட்டிகள் நின்றன. எல்லாம் ஒரே வெள்ளைப் பெயின்ட், ஒரே அளவு.

"எந்தப் பெட்டிடா?"

"சொல்லமாட்டேன்."

"சும்மா பாக்கத்தான்."

"பாக்கவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ராணி வெளிய வந்து முட்டை போடட்டும். ரெண்டும் பிழைச்சா ஒண்ணு உனக்கு."

"ஒண்ணுதான் பிழைச்சுதுன்னா?"

அவன் பிளந்த பெட்டியின் மூடியை எடுத்துப் போட்டான்.

"தருவியாடா சின்னவனே?"

"தர்றேன்னு சொன்னா நம்புவியா?"

"நம்புறேன்" என்றாள் சட்டென்று.

சின்னவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். இத்தனை நாளும் அவள் அவனைப் பார்த்த அதே பார்வை. "சரி, மாமா, இருட்டறதுக்குள்ள அக்காவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க" என்றான்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். பின்னால் கேட் சாத்தும் சத்தம் கேட்டது. தொடர்ந்து சங்கிலி உரசும் சத்தம். அப்புறம் பூட்டுப் போடும் சத்தம். அந்த வீட்டுக் கேட்டுக்குப் பூட்டு ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.